பிசுபிசுக்கும் பழைய ரப்பர் படகு: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளிடக் கரை ஊர்களிலும் நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்திலும், வெள்ளம் வந்தால் உதவும் என்று வாங்கி வைத்த ரப்பர் படகுகள் பல இருக்கின்றன. ஆண்டில் பெரும்பகுதி மூட்டையாகவே கிடக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் அவிழ்த்துப் பார்த்தால் கையெல்லாம் ஒட்டும், மடிப்போடு மடிப்பு பிடித்துக்கொண்டு உரிய மறுக்கும். அப்படி அவிழ்த்துப் பார்த்துத் திகைத்தவர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எதனால் ஒட்டுகிறது என்று தெரிந்துகொள்ளும் முன் எதையும் ஊற்றித் துடைக்காதீர்கள். வயதாகி வீணான படகுகளைவிட, அவசரப்பட்டுத் தின்னர் போட்டு வீணாக்கிய படகுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

படகு ஏன் ஒட்டுகிறது? ஈரத்தோடு மடித்து வைத்ததாலா?

ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். பிசுபிசுப்புக்குப் பெரும்பாலும் அது காரணம் இல்லை. இன்று விற்பனையில் உள்ள காற்றுப் படகுகளில் பெரும்பாலானவை பி.வி.சி. பூசிய துணி. நடுவில் பாலியெஸ்டர் நெசவு, இரண்டு பக்கமும் பி.வி.சி. பூச்சு. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வீட்டில் தண்ணீர் வரும் குழாயும் அதே பொருள்தான். அது துணி மாதிரி மடிய வேண்டும் என்பதற்காகத் தயாரிக்கும்போதே எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். பிளாஸ்டிசைசர் என்பார்கள், இங்கே இளக்கெண்ணெய் என்று சொல்கிறேன். இது பி.வி.சி.யோடு ரசாயனமாகப் பிணைந்துவிடுவதில்லை, இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவே. வெயிலும் வெக்கையும் ஆண்டுகளும் சேரச் சேர மெல்ல மேற்பரப்புக்கு வருகிறது. காகிதத்தில் சுற்றி வைத்த அதிரசம் எண்ணெய் விடுவது போலத்தான். தகரக் கொட்டகையில் ஒரு சித்திரை முழுக்கக் கிடந்த மூட்டைக்கு இது வேகமாக நடக்கும். மேலே வந்த எண்ணெயில் தூசியும் வண்டலும் பிடித்துக் கறுத்துப்போகும்.

இது முதல் காரணம். பழைய பசை இளகி ஒட்டுகளின் ஓரத்தில் வழிவது இரண்டாவது. யாரோ பளபளப்புக்காகத் தடவிய எண்ணெய், பாலிஷ் மூன்றாவது. நான்காவதுதான் கவலைக்குரியது: பூச்சே சிதைவது. சில வகைப் பாலியூரித்தேன் பூச்சுகள் ஈரக்காற்றில் நாளாக நாளாக உடைந்து கூழாகும். பழைய இயற்கை ரப்பரும் காற்று பட்டு இளகிப் பிசினாகும். இந்த நான்காவது வகையை எதைக் கொண்டும் திருப்ப முடியாது.

எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். படகு முழுக்க, முக்கியமாக வெயில் பட்ட மேல் பக்கத்தில் ஒட்டினால் இளக்கெண்ணெய். பட்டை பட்டையாக, பழுப்பு நிறத்தில், ஒட்டு போட்ட இடங்களில் மட்டும் என்றால் பசை. விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினால் பூச்சே மெழுகு மாதிரி வழித்துக்கொண்டு வந்து நூல் நெசவு தெரிந்தால், சிதைவு.

என் படகு பி.வி.சி.யா, ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பரா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பின்பலகையில், அதாவது இன்ஜின் மாட்டும் பலகையில், தயாரிப்பாளர் தகடு இருக்கிறதா பாருங்கள். பல படகுகளில் துணியின் பெயர் அதிலேயே இருக்கும்.

தகடு இல்லையென்றால் துணியைப் பாருங்கள். பி.வி.சி. சற்றே பளபளப்பாக, உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருக்கும். ஹைப்பலான் வெளியே மங்கலாக, தொட்டால் ரப்பர் போலவே இருக்கும். உட்பக்கம் நியோப்ரீன் என்ற வேறொரு செயற்கை ரப்பர் பூசியிருப்பதால் நிறமும் தன்மையும் வேறுபடும். வால்வைக் கழற்றினால் உட்பக்கம் தெரியும். கண்ணில் படாத ஒரு மூலையில் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம்: ஹைப்பலான் பொடியாக உதிர்ந்து மங்கும், பி.வி.சி. பொடி விடாமல் கீறல் மட்டும் விழும். நெருப்பு வைத்துப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். அது வேண்டாம்.

ஹைப்பலான் என்பது டியூபான்ட் நிறுவனத்தின் வணிகப் பெயர். அந்த நிறுவனம் 2010-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை வேறு நிறுவனங்கள் செய்கின்றன, பேச்சு வழக்கில் பழைய பெயரே நிற்கிறது. வெயிலைத் தாங்குவதில் அது பி.வி.சி.யைவிட மேல். வயதானால் ஒட்டாது, சுண்ணாம்பு பூசினாற்போல் மாவு விடும். ஆகவே ஹைப்பலான் படகு பிசுபிசுத்தால், முதலில் பசையையும் மேலே தடவியதையும் சந்தேகப்படுங்கள்.

குளத்தில் பிள்ளைகள் விளையாடும், துணி நெசவே இல்லாத மெல்லிய வினைல் படகு வேறு இனம். இங்கே சொல்லும் உழைப்பு அதற்குத் தகாது. அதை வெள்ளத்தில் இறக்கவே கூடாது.

சரி, எப்படிக் கழுவுவது?

நிழலில். கீற்றுப் பந்தல் இருந்தால் அதன் கீழே. தரையைக் கூட்டிவிட்டுத் தார்ப்பாய் விரித்து அதன் மேல் வையுங்கள். நம் பக்கம் சீமைக்கருவேல முள் எங்கும் கிடக்கும்; கழுவும் இடத்தில்தான் பல படகுகளில் புது ஓட்டை விழுகிறது. படகு வடிவம் பிடிக்கும் அளவுக்குக் காற்று அடித்தால் போதும், விறைக்க விறைக்க வேண்டாம்.

முதல் வேலை தேய்ப்பது இல்லை, ஊற வைப்பது. டெல்டா வண்டல் மிக நைசான மண். உலர்ந்த வண்டலோடு பிரஷ் போட்டுத் தேய்த்தால் அது பூச்சை அரைக்கும். தண்ணீரைத் தாராளமாக விட்டு மண் தானாக இளகி ஓடட்டும். பின்பலகை மூலைகளிலும் தரைத்துணி டியூபோடு சேரும் இடுக்கிலும் மணல் தங்கும். அங்கே விரலை விட்டு அலசுங்கள். அந்த மணல்தான் ஒவ்வொரு அசைவிலும் ஒட்டை அறுக்கிறது.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சிறிது விட்டு, மென்மையான துணியால் கையகலம் கையகலமாகத் துடையுங்கள். நுரை கறுத்ததும் தண்ணீரை மாற்றுங்கள். இளக்கெண்ணெய்ப் பிசுபிசுப்பு ஒரே கழுவலில் போகாது. இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிட்டுக் கழுவ வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தின்னர் டப்பாவைத் திறக்கிறார்கள்.

கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் பல இடங்களில் போர்த் தண்ணீரே உப்பு. அதில் அலசினால் உப்பு காய்ந்து வால்விலும் மூட்டுகளிலும் பூக்கும், அலசாததற்குச் சமம். குளத்துத் தண்ணீரோ மழைத்தண்ணீரோ தெளிவாக இருந்தால் அதுவே மேல்.

இதற்குப் பிறகும் கையில் பிடித்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து, முதலில் மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, ஒரே திசையில் துடையுங்கள். துணியின் பக்கத்தை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையென்றால் இங்கே எடுத்ததை அங்கே பூசுவதாக முடியும். படகு மேல் நேராக ஊற்றாதீர்கள். கைக்கழுவும் ஜெல் உதவாது. அதில் உள்ள கிளிசரினும் கெட்டியாக்கும் பொருளும் புதுப் பிசுபிசுப்பைத் தரும்.

காய்ந்த பின் ஒரு வாரம் நிழலில் விட்டு மறுபடி தொட்டுப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பிழைத்தது. லேசாகத் திரும்பினால் இன்னொரு முறை கழுவலாம். ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டால் பூச்சு தன் எண்ணெயை விடாமல் இழந்துகொண்டிருக்கிறது. இனி அது நாளுக்கு நாள் விறைக்கும், பிறகு மடிப்புகளில் வெடிக்கும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் போட்டால் உடனே போகிறதே?

போகும். கூடவே படகும் போகும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் மேலே வந்த எண்ணெயோடு நிற்காமல், உள்ளே இருக்க வேண்டிய இளக்கெண்ணெயையும் இழுத்துக்கொண்டு வரும். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். கொஞ்ச காலத்தில் அந்த இடம் விறைத்து வெடிப்பு காணும். தின்னரும் அசிட்டோனும் பி.வி.சி.யையே இளக்கும். துடைத்த இடம் கொழகொழத்து, காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஒட்டும். ஒட்டின் மேல் பட்டால் பசையும் கழன்றுவிடும்.

கரைப்பான்களுக்கு ஒரே இடம் உண்டு: புதிதாக ஒட்டப்போகும் இடத்தைத் தயார் செய்வது. அதுவும் துணியில் நனைத்து ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. அதற்கு மேல் இல்லை. இன்ஜின் வைத்து ஓட்டுபவர்கள் பெட்ரோல் டேங்க் வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். சிந்தினால் அப்போதே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் மென்மையாகும் என்கிறார்களே? டயர் பாலிஷ்?

தேங்காய் எண்ணெய் உள்ளே போய் இளக்கெண்ணெயின் வேலையைச் செய்யாது. மேலேயே நின்று சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். அந்த வாசனைக்கு எலியும் வரும்.

டயர், டாஷ்போர்டு பாலிஷ்களில் பல சிலிக்கோன் கலந்தவை. அதன் கெடுதல் அன்றைக்குத் தெரியாது. ஓட்டை விழுந்து ஒட்டுப் போடும் நாளில் தெரியும். சிலிக்கோன் படலத்தின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது, அதை முழுசாக எடுப்பதும் லேசில்லை. வெயில் காப்புத் தடவ வேண்டுமானால் காற்றுப் படகுக்கென்றே விற்கும், தண்ணீர் அடிப்படையிலான புற ஊதாக் காப்பைத் தடவுங்கள். அதையும் கழுவிக் காய்ந்த, ஒட்டாத மேற்பரப்பில் மட்டும்.

பவுடர் தூவலாமா?

தூவலாம். வாசனை இல்லாத டால்க் போதும். மடிப்போடு மடிப்பு ஒட்டாமல் அது காக்கும். ஆனால் பவுடர் பிசுபிசுப்பை மறைக்கும், போக்காது. கழுவாமல் தூவினால் எண்ணெயும் பவுடரும் சேர்ந்து களியாகிவிடும். ஒட்டுப் போடும் இடத்தில் பவுடர் இருக்கவே கூடாது.

பிசுபிசுப்பு ஒட்டுகளின் ஓரத்தில் மட்டும் இருக்கிறது. துடைத்தால் போதுமா?

போதாது. பசை தன் காலம் முடிந்து இளகுகிறது என்பதன் அடையாளம் அது. அந்தப் பட்டையின் ஓரத்தை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். நூல் நூலாகப் பசை இழுபட்டால் அந்த ஒட்டைப் பிரித்து, பழைய பசையை முழுக்க எடுத்து, புதிதாக ஒட்ட வேண்டும். பழைய பசைமேல் புதுப் பசை நிற்காது. ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டினால் பட்டை எளிதில் உரியும். மிச்சப் பசையை விரலால் உருட்டி உருட்டி எடுங்கள். கத்தி வேண்டாம்.

ஒரு கைப்பிடி, ஒரு பேட்ச் என்றால் நீங்களே செய்யலாம். டியூபின் நீள ஒட்டோ பின்பலகை சேரும் ஒட்டோ விட்டால், இதைத் தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். பின்பலகை ஒட்டில் இன்ஜினின் பாரம் முழுக்க நிற்கிறது.

சைக்கிள் பஞ்சர் கடையில் ஒட்டினால் நிற்குமா?

நிற்காது. பஞ்சர் சொல்யூஷன் சைக்கிள் டியூப் ரப்பருக்கானது, பி.வி.சி.யைப் பிடிக்காது. செருப்பு, சோபா ஒட்டும் மஞ்சள் பசை முதலில் பிடித்த மாதிரி இருக்கும், பி.வி.சி.யிலிருந்து வரும் இளக்கெண்ணெய் அதைக் கூழாக்கிவிடும். உடனடிப் பசை கண்ணாடி மாதிரி விறைத்து, துணி மடியும்போது உடையும்.

பி.வி.சி.க்கு இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன் பசை வேண்டும். ஹைப்பலானுக்கு இரண்டு பாக நியோப்ரீன் வகைப் பசை. இரண்டாம் பாகம் கெட்டியாக்கி. அதைச் சேர்க்காமல் ஒட்டினால் வெயில் சூட்டிலேயே பசை இளகும். எவ்வளவு சேர்ப்பது என்பது டப்பாவில் இருக்கும், கண்ணளவு வேண்டாம். கலந்த பசை சில மணி நேரத்தில் வீணாகிவிடும், ஆகவே தேவைக்கு மட்டும் கலக்குங்கள். கெட்டியாக்கியில் ஐசோசயனேட் உண்டு. மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம். மற்றவர்களும் காற்றோட்டத்தில், கையுறையோடு செய்யுங்கள். கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது.

செய்முறை: காற்றை முழுக்க இறக்கிப் பலகை மேல் தட்டையாகப் பரப்புங்கள். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மிஞ்சும்படி ஒட்டுத்துணியை வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர் மூலைதான் முதலில் தூக்கும். இரண்டு பரப்பையும் சுத்தம் செய்து மெல்லிய ஒரு கை பசை. அது காய்ந்ததும் இன்னொரு கை. இரண்டாவது கை விரலில் லேசாக ஒட்டி, ஆனால் விரலோடு வராத பதத்தில் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். ஒரு நாள் கழித்து மெல்லிசாகக் காற்று அடிக்கலாம். முழு அழுத்தத்துக்கு மூன்று நாள் பொறுங்கள்.

கருவேல முள் ஏறியிருந்தால் ஒட்டுவதற்கு முன் முள்ளின் நுனியைத் தேடி எடுங்கள். உள்ளே முறிந்து தங்கியிருந்தால் அதே முள் மறுபடி குத்தும்.

நான் சரியாகத்தான் ஒட்டினேன், மூன்றாம் மாதம் பேட்ச் உரிந்துவிட்டது. ஏன்?

நம் ஊர்க் காற்றின் ஈரம். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படிகிறது. அந்தப் பனிமேல்தான் நீங்கள் பேட்சை அழுத்துகிறீர்கள். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒட்டும் வேலையே வேண்டாம், 60-க்குக் கீழ் என்றால் நிம்மதி. மழைக்கால அவசரத்தில் போட்ட ஒட்டு தற்காலிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி, பங்குனியில் பனி விலகிய பிறகு, வெயில் உக்கிரமாகும் முன், நிழலில் செய்யுங்கள். கடலோர ஊரில் அப்போதும் ஈரம் குறையாது. அங்கே ஏ.சி. உள்ள ஓர் அறை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை வடித்துவிடும். பசை ஆவிக்காகச் சன்னலை அவ்வப்போது திறந்து மூடுங்கள், முகமூடியோடு இருங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது, உரிந்த பேட்சை மறுபடி ஒட்டும் செலவைவிடக் குறைவு.

காற்று இறங்குகிறது. எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வால்வு. நம் பக்கத்துக் கசிவில் மணலுக்குப் பங்கு பெரிது. வால்வைத் திறந்து பழைய பல் பிரஷால் வால்வு மூடி உட்காரும் இடத்தையும் ரப்பர் வளையத்தையும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு நன்றாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீரைத் துணியால் பூசிக்கொண்டே போங்கள். குமிழி கிளம்பும் இடத்தைச் சாக்பீசால் குறியுங்கள். பால்பாயின்ட் பேனாவும் மார்க்கரும் வேண்டாம், அந்த மை பி.வி.சி.க்குள் இறங்கி ஆயுளுக்கும் போகாது.

படகு இரண்டு மூன்று அறைகளாக இருக்கும். வெளியே குமிழியே இல்லாமல் ஓர் அறை மட்டும் தொய்ந்தால், நடுத் தடுப்பில் கசிவு இருக்கலாம். ஓர் அறையை மட்டும் நிரப்பிப் பாருங்கள். பக்கத்து அறை தானாக உப்பினால் தடுப்பு போய்விட்டது. ஓர் அறை கிழிந்தாலும் மற்றது மிதக்க வைக்கும் என்பதுதான் அறைகளின் பயன். தடுப்பு போன படகில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆளை ஏற்றக் கூடாது.

சோதனையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்கு முடியுங்கள். மதியம் அடித்து மாலை பார்த்தால், காற்று குளிர்ந்து சுருங்கியதையே கசிவு என்று நினைத்துவிடுவீர்கள்.

வெயிலில் வெடிக்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பல படகுகளின் டியூபுக்குச் சொல்லப்படும் அழுத்தம் 0.25 பார் அளவு. காலை 25 டிகிரியில் அந்த அளவுக்கு அடித்து வைத்து, மதியம் கரையில் உள்ளே இருக்கும் காற்று 55 டிகிரிக்குப் போனால், அழுத்தம் ஏறக்குறைய 0.38 ஆகும். ஒன்றரை மடங்கு. புதுப் படகு தாங்கிக்கொள்ளலாம். பசை இளகிய பழைய படகின் ஒட்டு சூட்டிலும் அழுத்தத்திலும் சேர்ந்து பிரியும். தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து இறங்கிவிடும். ஆகவே கரையில் ஏற்றியதும் கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள், அல்லது நனைந்த சாக்கைப் போட்டு மூடுங்கள்.

கறுப்புப் புள்ளிகள், கறைகள்?

பூஞ்சைப் புள்ளிக்கு வெள்ளை வினிகரை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து தடவி, சற்று நேரம் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நூலையும் பூச்சையும் அது பலவீனமாக்கும். படகுத்துறையில் கட்டிய லாரி டயர் உரசிய கறுப்பு, பி.வி.சி.க்குள் ஊறிய கறை. முழுசாகப் போகாது, கெடுதலும் இல்லை. விட்டுவிடுங்கள்.

பரிசலுக்குத் தார் பூசுவது போல இதற்கும் பூசலாமா? பெயின்ட்?

மேட்டூர், ஒகேனக்கல் பரிசலுக்குத் தார் சரி. அது மூங்கில் கூடை, மேலே இழுத்துக் கட்டிய உறை. பி.வி.சி.மேல் தார் பட்டால் இளக்கெண்ணெய் தாருக்குள் போகும். தார் இளகும், துணி விறைக்கும், இரண்டும் கெடும். பெயின்டும் அப்படித்தான்: ஒட்டும் பி.வி.சி.மேல் அடித்த பெயின்டுக்குள் கீழிருந்து எண்ணெய் ஏறி, பெயின்டே ஒட்டத் தொடங்கும். மாவு விடும் ஹைப்பலானுக்கென்று வளையும் பூச்சுகள் உண்டு. அங்கே அது பயன்படும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் கசிவை அடைக்காது.

எங்கே, எப்படி வைப்பது?

தகரக் கொட்டகையில் வேண்டாம். ஓட்டுக் கட்டடம், காரை வீடு, பள்ளியின் உள்ளறை, எது குளிர்ச்சியோ அது. தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். இடமிருந்தால் லேசாகக் காற்றடித்தபடியே விடுவதுதான் நல்லது. மடித்தே ஆக வேண்டும் என்றால் தளர்வாகச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ வையுங்கள். நல்ல பருத்தி கசியும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதைத் துவைத்துத் துவைத்துப் போடலாம். ஃப்ளெக்ஸ் பேனரைச் சுற்றாதீர்கள். அதுவும் பி.வி.சி.தான், வெக்கையில் படகோடு ஒட்டி, அச்சு மையை இறக்கிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, மடிப்பு வேறு இடத்தில் விழும்படி சுருட்டுங்கள்.

எலியை மறக்காதீர்கள். அறுப்பு முடிந்து வயல் காய்ந்தால் எலி கட்டடத்துக்குள் வரும். நெல் மூட்டை இருக்கும் அறையில் படகை வைத்தால் அடுத்த மழைக்குள் கடித்த ஓட்டை நிச்சயம். மூடியுள்ள தகரப்பெட்டியில், உள்ளே காற்றுப் போக மேலே வலையடித்த துளைகளோடு, நிழலில் வைத்தால் எலிக்கும் எட்டாது, புழுக்கமும் குறையும்.

எந்த மாதத்தில் இதையெல்லாம் செய்வது?

ஐப்பசிக்கு முன் என்று பலர் நினைக்கிறார்கள். அது தாமதம். மேட்டூரில் ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பது வழக்கம். ஆடிப்பெருக்கு வாக்கிலேயே கர்நாடகத்தில் மழை மிஞ்சினால் கொள்ளிடம் நிரம்பிவிடும். 2018-இல் ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. ஒரே ஆண்டில் ஆறும் கடலும் இரண்டு பக்கமும் வந்தன. மாசி, பங்குனியில் கழுவி, ஒட்டி, வைகாசிக்குள் தண்ணீரில் இறக்கிச் சோதித்து முடித்துவிடுங்கள்.

கழுவியதும் நன்றாக இருக்கிறது. வெள்ளத்தில் ஆட்களை ஏற்றலாமா?

பார்வைக்கு நன்றாக இருப்பது போதாது. 24 மணி நேரம் காற்று நிற்க வேண்டும். தடுப்புகள் தனித்தனியாக நிற்க வேண்டும். பின்பலகையின் பிளைவுட்டைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே உளுத்திருக்கிறது. பிறகு குளத்தில், கரையோரமாக, ஏற்ற நினைக்கும் பாரத்துக்குச் சமமாக மணல் மூட்டை வைத்து இரண்டு மணி நேரம் மிதக்க விடுங்கள். இவ்வளவும் தேறினால் ஏற்றலாம், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டோடு.

சோப்புத் தண்ணீர் பூசினால் ஓரிடத்தில் இல்லாமல் பரப்பெங்கும் பொடிக்குமிழியாகப் பொங்குவது, மடிப்புகளில் நெசவு தெரிவது, பல ஒட்டுகள் ஒரே நேரத்தில் தூக்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் படகு ஆள் ஏற்றத் தகாது. டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் பொடிக்கசிவைச் சில காலம் நிறுத்தும். அதை நம்பித் தாய்மார்களையும் குழந்தைகளையும் கொள்ளிட வெள்ளத்தில் இறக்குவது என்னால் ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளவும் குளத்தில் வலை எடுக்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெரிதாக எழுதியும் வையுங்கள்: ஆள் ஏற்றக் கூடாது. உங்களுக்குத் தெரியும், அவசர இரவில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் பக்கத்து ஊர்ப் பையனுக்குத் தெரியாது.

இனி உதவாது என்றால் என்ன செய்ய?

எரிக்காதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், டையாக்சின்களும் உண்டாகும். போகியன்று தெருவில் போட்டுக் கொளுத்துவது அந்தத் தெருவே மூச்சுவிட முடியாமல் செய்யும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக்கும் மீன் குட்டைக்கும் உள்விரிப்பாகப் போடவும் வேண்டாம், கசியும் எண்ணெய் தண்ணீரில் கலக்கும். வால்வு, துடுப்பு வளையம், கயிறு, நல்ல நிலையில் உள்ள பின்பலகை இவற்றைக் கழற்றி அடுத்த படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணியை விறகுக் கட்டு மூட, இன்ஜின் வைக்கும் இடத்தில் விரிக்க வெட்டிப் பயன்படுத்தலாம். மிச்சத்தை உள்ளாட்சியின் பிளாஸ்டிக் கழிவுச் சேகரிப்பில், பி.வி.சி. என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். அந்தத் துணியிலிருந்து மட்டும் இன்னொரு படகுக்குப் பேட்ச் வெட்ட வேண்டாம்.